புது கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் கேபினெட்டைத் திறந்தோம்

2025 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடலூர் ஆல்பேட்டையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா மகன் போனை நீட்டிவிட்டான்.

"மாமா, ஆர்டிஎக்ஸ் 5050 வந்துடுச்சு. புது தலைமுறை கிராபிக்ஸ் கார்டு. பாண்டியில 25,500 சொல்றாங்க. வாங்கிடலாமா?"

கம்ப்யூட்டரில் விளையாட்டின் படங்களை வரைந்து திரைக்கு அனுப்பும் பாகம்தான் கிராபிக்ஸ் கார்டு. அவன் கையில் 26,000 ரூபாய் இருந்தது. லீவில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்து சேர்த்தது 18,000, பாட்டி கொடுத்தது 8,000. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பையனுக்கு அது பெரிய தொகை. ஒரு தடவை தப்பாகச் செலவழித்தால் மறுபடி சேர்க்க ஒரு வருடம் ஆகும். அதனால் "சரி, வாங்கு" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட மனசு வரவில்லை. அன்று ராத்திரி சாப்பாடு வரைக்கும் பேசினோம். அப்புறம் இரண்டு மாதம் பேசிக்கொண்டே இருந்தோம்.

எனக்கும் இதில் ஒரு பழைய காயம் உண்டு. 2022 தொடக்கத்தில், கார்டுகளுக்குக் கடும் தட்டுப்பாடு இருந்த நேரத்தில், பட்ஜெட் கார்டு என்று ஒன்றை அவசரமாக வாங்கினேன். 4 ஜிபி மெமரி. அதைவிட முக்கியமாக, மதர்போர்டோடு பேசுவதற்கு அதில் நான்கே லேன்கள்தான், அதாவது தரவு போகும் நான்கே பாதைகள். புது போர்டில் அது பரவாயில்லை. என்னுடையது பிசிஐஇ 3.0 என்ற பழைய இணைப்பு உள்ள போர்டு. லேனும் குறைவு, ஒவ்வொரு லேனின் வேகமும் பாதி. யூடியூபில் பார்த்த ஃபிரேம் எண்ணிக்கை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு, என் திரையில் ஒரு நாளும் வரவில்லை. பெட்டியில் எழுதியிருந்தது எல்லாம் உண்மைதான். அது வேறு ஒருவருடைய கம்ப்யூட்டருக்கான உண்மை என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

அதனால் மாப்பிள்ளையிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "கார்டு இருக்கட்டும், அது எந்தப் பெட்டிக்குள்ள போகப்போகுது?"

அவன் கம்ப்யூட்டர் 2020-இல் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கியது. ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 75 ஹெர்ட்ஸ் முழு எச்டி மானிட்டர். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெண்ணையாற்றில் தண்ணீர் திரண்டு வந்தபோது அக்கா வீட்டுக்குள்ளும் கணுக்கால் அளவு ஏறியது. அப்போது கேபினெட் தரையில்தான் இருந்தது. எல்லாரும் துணிமணி, அரிசி, சான்றிதழ் என்று மேலே ஏற்றிக்கொண்டிருந்ததில் அதை யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஒரு வாரம் வெயிலில் வைத்துக் காயவிட்டு மறுபடி போட்டார்கள், ஓடியது. ஓடிய பிறகு அதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

நான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் முதலில் பவர் எங்கிருந்து வருகிறது என்றுதான் கண் போகும். பக்கத்து மூடியைக் கழற்றினோம். நான்கு திருகில் இரண்டு துருப்பிடித்துத் தலை மழுங்கியிருந்தது. கடல் பக்கத்து ஊரில் இது சாதாரணம். எல்லா பாகங்களுக்கும் பவர் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ், கேபினெட்டின் அடிப்பக்கம் உட்காரும் மாடல், ஆக வெள்ளத்தில் முதலில் நனைந்தது அதுதான். வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் சேற்றுக் கோடு இன்னும் இருந்தது.

பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 500 வாட் என்று போட்டிருந்தது. அதை நம்பக் கூடாது. அதற்குக் கீழே சின்னக் கட்டங்களில் ஒரு அட்டவணை இருக்கும், அதில் 12 வோல்ட் என்ற கட்டத்தைத் தேட வேண்டும். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. எங்கள் பெட்டியில் அந்தக் கட்டத்தில் 18 ஆம்பியர் என்று இருந்தது. 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட். அவ்வளவுதான் அதன் உண்மையான பலம். மீதி எல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் வரிகளில் கணக்குக் காட்டியது, இன்றைய கம்ப்யூட்டருக்கு அது பெரிதாகப் பயன்படாது.

இப்போது கணக்குப் போடுங்கள். ரைசன் 5 3600 முழு வேலையில் 88 வாட் வரை இழுக்கும். 5050-க்கு 130 வாட். இரண்டும் சேர்ந்தாலே 218. மதர்போர்டு, ஃபேன், டிஸ்க் எல்லாம் இனிமேல்தான். இதுவரை ஓடியது எப்படி? ஜிடிஎக்ஸ் 1650-க்கு 75 வாட் போதும், அதை மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அவனிடம் இருந்த மாடலில் தனி பவர் கனெக்டரே கிடையாது. புது கார்டுக்கு 8 பின் கனெக்டர் வேண்டும், இந்த எஸ்எம்பிஎஸ்ஸில் அது இல்லவே இல்லை.

"கடையில கேட்டேன் மாமா. மோலெக்ஸ் கன்வெர்ட்டர் 150 ரூபாய்தான், அதைப் போட்டா ஓடும்னு சொன்னாங்க."

ஓடும். எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. பழைய டிஸ்க்குகளுக்காக இருக்கும் மெல்லிய மோலெக்ஸ் வயர் வழியாக அவ்வளவு கரண்ட்டை இழுத்தால் கனெக்டர் சூடாகி உருகும். வெள்ளத்தில் ஊறிய எஸ்எம்பிஎஸ் வேறு. 25,000 ரூபாய்ப் பொருளை அதில் மாட்டுவதற்கு நான் சம்மதிக்கவில்லை. இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை.

அடுத்தது அளந்து பார்த்தோம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. விளையாடும்போதே திரையின் மூலையில் கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது, மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, ஃபிரேம் எத்தனை என்று காட்டும். கார்டு மாற்றலாமா என்று யோசிக்கிற யாராக இருந்தாலும் முதலில் இதைப் போட்டு ஒரு வாரம் விளையாடிப் பாருங்கள் என்று சொல்வேன். எண்ணம் நிச்சயமாக மாறும்.

அவன் நண்பர்களோடு தினமும் விளையாடுவது வேலரண்ட். அதில் கார்டின் வேலை 60, 65 சதவீதத்தைத் தாண்டவில்லை. அதாவது, கார்டு சும்மா காத்துக்கொண்டிருக்கிறது, மற்ற பாகங்கள்தான் அதற்கு வேலை கொடுக்க முடியாமல் திணறுகின்றன. இந்த விளையாட்டுக்கு எந்தப் புது கார்டு வாங்கினாலும் ஒரு பைசா லாபமில்லை. சைபர்பங்க் 2077 போட்டதும் நிலைமை தலைகீழ். கார்டு 99 சதவீதம், 4 ஜிபி மெமரி விளிம்பு வரை நிரம்பி, ஃபிரேம் 30-க்குக் கீழே இறங்கி, தெருவில் வண்டி ஓட்டும்போது படம் திக்கித் திக்கி வந்தது. 2025 மேயில் வந்த டூம் தி டார்க் ஏஜஸ் என்ற விளையாட்டோ திறக்கவே இல்லை. ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் வசதி உள்ள கார்டு அதற்குக் கட்டாயம், 1650-இல் அது கிடையாது. ஆக அவனுக்குப் புது கார்டு தேவைதான். ஆனால் எதற்காகத் தேவை என்பது இப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 8 ஜிபி ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தது. இரண்டு குச்சி போட்டால் பிராசசருக்கு இரண்டு வழியில் தரவு வரும், ஒன்று என்றால் ஒரே வழி. ரைசனுக்கு இது நன்றாகவே வித்தியாசம் காட்டும். அதே வகையில் இன்னொரு 8 ஜிபி 1,700 ரூபாய், 550 வாட் புரோன்ஸ் (வெண்கல) தர எஸ்எம்பிஎஸ் 4,200 ரூபாய். புது எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் கட்டத்தில் 45 ஆம்பியர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். அதாவது 540 வாட். போட்டிருக்கும் எண்ணும் உள்ளே இருக்கும் பலமும் ஏறக்குறைய ஒன்று. இந்த 5,900 ரூபாயை அந்த வாரமே செலவழித்தோம். வருடக் கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தபோது, அன்றே வாங்கியது நல்லதாகப் போயிற்று.

அவனுக்கு முகம் வாடிவிட்டது. "கார்டு வாங்கற காசுல எஸ்எம்பிஎஸ் வாங்கியாச்சு" என்று அக்காவிடம் புலம்பினான். ஆனால் அன்று ராத்திரியே வேலரண்டில் ஃபிரேம் 160 பக்கத்திலிருந்து 195 பக்கம் போனதை அவனே போட்டோ எடுத்து அனுப்பினான். பெரிய சண்டை நடக்கும் இடங்களில் வந்துகொண்டிருந்த தடுமாற்றமும் போயிருந்தது. புது கார்டு இல்லாமலே கிடைத்தது இது.

அப்புறம்தான் எந்தக் கார்டு என்ற உண்மையான விவாதம் தொடங்கியது. இதில் அவன் என்னைவிட நன்றாகப் படித்துக்கொண்டு வந்திருந்தான்.

5050-ஐ அவனே கைவிட்டான். அதற்குப் பதில் இன்டெல்லின் ஆர்க் பி580. "ரெண்டுக்கும் அமெரிக்க விலை 249 டாலர்தான் மாமா. 5050-ல 8 ஜிபி, இதுல 12 ஜிபி. மெமரி வேகமும் நொடிக்கு 456 ஜிபி, அது 320 தான். யோசிக்கவே தேவையில்லை." அவன் சொன்னதில் ஒரு எண்கூடத் தப்பில்லை. புது கம்ப்யூட்டர் கட்டுகிறவர் என்னிடம் கேட்டால் நானும் பி580-ஐத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

ஆனால் 2024 டிசம்பரில் அந்தக் கார்டு வந்த சில வாரங்களிலேயே விமர்சகர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் பிராசசரிடம் நிறைய வேலை வாங்கியது. புதிய, வேகமான பிராசசரில் இது தெரியவில்லை. பழைய பிராசசரோடு போட்டால் சில விளையாட்டுகளில் ஃபிரேம் நன்றாகவே குறைந்தது. கூடவே, கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே தடவையில் அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இயங்கினால்தான் அந்தக் கார்டு முழு வேகம் தரும். பழைய போர்டில் அதன் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்து அது வருகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் 3600-ஓ ஏற்கெனவே திணறுவதை நாங்களே அளந்து பார்த்திருக்கிறோம். அதன் தலையில் இன்னும் சுமை ஏற்றுகிற கார்டு இந்த வீட்டுக்கு வேண்டாம் என்பது என் கட்சி. அவனுக்கு அந்த 12 ஜிபியை விட மனசில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாவது நாள் அவனே ஒரு ஒப்பீட்டு வரைபடத்தோடு வந்தான். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டுகளில் மல்டி ஃபிரேம் ஜெனரேஷன் போட்டால் 160, 200 ஃபிரேம் என்று பச்சைக் கம்பம் நீண்டிருந்தது. இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நிறைய பையன்கள் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் பணத்தை எடுக்கிறார்கள். கார்டு உண்மையில் வரையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நடுவில், அப்போது மூன்று வரை, தானே உருவாக்கிச் செருகும் முறை அது. 40 ஃபிரேம் வரைந்தால் திரையில் 160 தெரியும். படம் வழுவழுப்பாக இருக்கும், பொய்யில்லை. ஆனால் மவுசை அசைத்தால் விளையாட்டு பதில் சொல்வது அந்த 40-இன் வேகத்தில்தான். அதோடு, மாப்பிள்ளையின் மானிட்டர் 75 ஹெர்ட்ஸ். நொடிக்கு 75 படத்துக்கு மேல் அது காட்டாது. திரையோடு ஒத்துப்போக 75-இல் கட்டிவைத்து நாலு மடங்கு போட்டால், உண்மையாக வரையப்படுவது 19 ஃபிரேம்கூட இல்லை. காகிதத்தில் எழுதிக் காட்டியதும் அவனே அந்தப் படத்தை அழித்துவிட்டான். விலையை ஒப்பிடும்போது இந்த வசதி இல்லாத எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் மேசையில் மிஞ்சியது ஆர்டிஎக்ஸ் 5060. வெளிவந்தபோது அமெரிக்க விலை 299 டாலர். 5050-ஐவிட 20 சதவீதம் அதிகம். ஆனால் உள்ளே கணக்குப் போடும் கோர்கள் 2,560-க்குப் பதில் 3,840, அதாவது 50 சதவீதம் அதிகம். மெமரி வேகம் 320-க்குப் பதில் 448. கோர் ஏறுகிற அளவுக்கு ஃபிரேம் அப்படியே ஏறாது. இருந்தாலும் கொடுக்கிற கூடுதல் காசுக்குமேல் திரும்பி வருவது உறுதி. பட்ஜெட் கார்டுகளில் அடிக்கடி நடப்பது இது: மிகக் குறைந்த விலைக் கார்டில் விலையை வெட்டியதைவிட கார்டை அதிகமாக வெட்டியிருப்பார்கள்.

நம் ஊர் விலைக்கு ஒரு வார்த்தை. டாலர் விலையைப் பார்த்துவிட்டு கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். அந்த விலையில் வரி சேராது. 299-ஐ அப்போதைய சுமார் 87 ரூபாயால் பெருக்கினால் 26,013. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி போட்டால் 30,600-ஐத் தாண்டும். பாண்டியில் எங்களிடம் சொன்னது 30,500. நியாயமான விலைதான். பாண்டிக்குப் போனால் வரி மிச்சம் என்று கடலூர்க்காரர்கள் பஸ் ஏறிய காலம் 2017 ஜூலையோடு முடிந்தது, இப்போது இரண்டு ஊரிலும் அதே 18 சதவீதம். இருந்தாலும் பாண்டிக்கே போனோம். காரணம் விலை இல்லை. கார்டில் கோளாறு வந்தால் கையில் எடுத்துக்கொண்டு போய் நிற்க 25 கிலோமீட்டரில் ஒரு கடை வேண்டும் என்பதுதான். ரிச்சி தெருவில் 700 ரூபாய் குறைவாகக் கிடைத்தது. சென்னைக்கு ஒரு தடவை போய்வந்தாலே அது சரியாகிவிடும்.

8 ஜிபி போதுமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: இன்றைக்கு 1080பி, அதாவது முழு எச்டி திரையில், செட்டிங்ஸைக் கொஞ்சம் இறக்கத் தயாராக இருந்தால் போதும். நாலு வருடம் கழித்துக் கஷ்டம். மெமரி நிரம்பி வழிந்தால் மிச்சத் தரவு மதர்போர்டு வழியாகத்தான் வந்துபோக வேண்டும். எங்கள் போர்டின் பிசிஐஇ 3.0-இல் எட்டு லேன் வழியாக நொடிக்கு 8 ஜிபி அளவுதான் போகும். கார்டுக்குள் 448, வெளியே 8. வித்தியாசத்தைப் பாருங்கள். பழைய போர்டு வைத்திருப்பவர்களுக்கு 8 ஜிபி கார்டில் அடி பலமாக விழுவது இதனால்தான். 16 ஜிபியோடு வரும் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி வெளிவந்தபோது 349 டாலர். காசு இருந்திருந்தால் நான் அதைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன். எங்களிடம் இல்லை.

பழைய கார்டு வாங்கலாமே என்று அக்கா கேட்டாள். நல்ல கேள்விதான். 12 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 பாதி விலைக்குக்கூடக் கிடைத்தது. ஒன்றைப் போய்ப் பார்த்தேன். பின்பக்க உலோகச் சட்டத்தில் பச்சையாகப் பூத்திருந்தது, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளின் ஓரம் வெள்ளையாகப் பொடி தட்டியது. தேவனாம்பட்டினம் பக்கத்துக் கடல் காற்று ஏறிய கார்டு. வாரண்டியும் முடிந்துவிட்டது. ஊரில் பழைய கார்டு வாங்குகிறவர்கள் ஒரு சின்ன டார்ச் எடுத்துப் போய் தகடுகளுக்கு இடையே அடித்துப் பாருங்கள், திருகின் தலையைப் பாருங்கள். அங்கேயே பத்து நிமிடம் விளையாட்டு ஓடவிட்டுப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

தீபாவளிக்குள் அவன் இன்னும் 6,000 ரூபாய் சேர்த்தான். பற்றாததற்கு நான் 4,000-ஐத் தீபாவளிப் பணமாகக் கொடுத்தேன். அதற்குள் கடையில் 29,900-க்கு இறங்கியிருந்தது.

இப்போது சைபர்பங்க் ஹை செட்டிங்ஸில் 75-இல் கட்டிவைத்தால் பெரும்பாலும் அசையாமல் நிற்கிறது. கூட்டம் நிறைந்த சந்தைப் பகுதியில் மட்டும் 60 பக்கம் இறங்குகிறது, அது பிராசசரின் வேலை. டூம் திறக்கிறது. பொருள்களின் மேற்பரப்புப் படமான டெக்ஸ்சரை உச்சத்தில் வைத்தால் மெமரி நிரம்பித் தடுக்குகிறது, ஒரு படி இறக்கினால் நின்றுவிடுகிறது. அந்த ஒரு படியைக் காட்டி, "12 ஜிபி வாங்கியிருந்தா இது வேண்டியிருக்காது" என்று இன்றும் சொல்கிறான். வேலரண்டில் ஐந்து, பத்து ஃபிரேம்தான் கூடியது, எதிர்பார்த்ததுதான். அடுத்து அதே போர்டில் உட்காரும் ரைசன் 7 5700எக்ஸ்-க்குச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறான்.

கேபினெட் இப்போது தரையில் இல்லை. முழங்கால் உயர மர ஸ்டூலில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கிறது. ஏசி இல்லாத அறை என்பதால் சித்திரை வெயிலில் கார்டின் சூட்டை எப்படி எடுக்கும் என்று பார்க்க வேண்டும். விமர்சனங்களில் போடும் வெப்ப எண்கள் எல்லாம் குளிர்ந்த அறையில் எடுத்தவை. நம் அறை பத்து டிகிரி கூட இருந்தால் கார்டும் கிட்டத்தட்ட பத்து டிகிரி கூடத்தான் இருக்கும்.

வாரண்டி மூன்று வருடம், 2028 அக்டோபர் வரை. கடையில் கொடுத்த பில் தெர்மல் பேப்பர், ஒரு வருடத்தில் எழுத்து மங்கிவிடும். சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை அக்கா ரேஷன் கார்டோடு பீரோவின் மேல்தட்டில் வைத்திருக்கிறாள். இன்னொன்று என்னிடம் இருக்கிறது.